அம்மாவுக்கு ஒரு தண்ணீர் வழி

வழி கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமும் இல்லை. இன்றைக்கும் எந்த ஊருக்குப் போனாலும் இறங்கிய இரண்டாம் நாளே அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியாத ஒரு குறுக்குச் சந்தைக் கண்டுபிடித்து, கூட வந்தவர்களை அதில் இழுத்துக்கொண்டு போய், பாதி வழியில் நின்று, "இப்படித்தான் போகணும், என்னை நம்புங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். எட்டில் ஏழு தடவை சரியாகத்தான் இருக்கும். மிச்சமுள்ள அந்த ஒரு தடவையைப் பற்றித்தான் என் வீட்டில் எல்லோரும் தேவைக்கு மேல் பேசுவார்கள். பேசட்டும். அப்படிப்பட்ட தடவைகளில் முதலாவது எனக்குப் பன்னிரண்டு வயதில் நடந்தது, அதை நானே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், நான் ஏழாம் வகுப்புக்குப் போகிற வருடம், அப்பாவுக்குத் திருச்சியிலிருந்து கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்தது. செல்வபுரத்தில் பேரூர் ரோட்டுக்குப் பக்கமாக ஒரு வாடகை வீடு. அப்பா, அம்மா, நான், மூன்றே பேர். திருச்சியில் ஒன்பது பேர் இருந்த வீட்டிலிருந்து வந்த எனக்கு அந்த வீட்டில் என் குரலே எதிரொலிப்பது போலிருந்தது, அது எனக்குப் பிடித்தும் இருந்தது. அதைவிடப் பிடித்தது, பள்ளிக்கூடம் தூரம் என்று அப்பா வாங்கிக்கொடுத்த சிவப்பு நிற லேடீஸ் சைக்கிள். திருச்சியில் நாங்கள் இருந்த தெருவில் பெண் பிள்ளை சைக்கிள் விட்டால் தாத்தா முதல் பால்காரர் வரைக்கும் ஆளுக்கொரு கருத்துச் சொல்வார்கள். கோயம்புத்தூரில் என்னை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதல் நாள் மணியடித்துக்கொண்டே தெருமுனை திரும்பியபோதே, இனி இந்த ஊரை விட்டு நகர்வதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

அம்மாவோ ஊரை விட்டுப் போவதென்று முடிவு செய்திருந்தாள்.

திருச்சியில் எங்கள் வீட்டிலிருந்து காவிரிப் படித்துறை பொடிநடையாக ஐந்து நிமிடம். தினமும் மாலை நாலரை மணிக்கு அம்மா ஒரு பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்புவாள். வீட்டில் குழாய் இருந்தது, கொல்லையில் கிணறும் இருந்தது. ஆனாலும் செடிகளுக்கு ஆற்றுத் தண்ணீர் ஊற்றினால்தான் பூக்கும் என்று அவள் சொல்லி வைத்திருந்தாள், யாரும் மறுபேச்சுப் பேசியதில்லை. நானும் ஓரிரு தடவை ஒட்டிக்கொண்டு போயிருக்கிறேன். அம்மா மேல்படியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஆறு மணிக்கு எழுந்து, குடத்தை நிரப்பி, வீட்டுக்கு வந்து, அந்த ஒரு குடம் தண்ணீரையும் கனகாம்பரத்துக்கு ஊற்றிவிட்டு அடுப்பைப் பற்றவைப்பாள்.

கோயம்புத்தூரில் அந்தக் குடம் தகரப் பெட்டிக்குள் ஒரு பழைய புடவையில் சுற்றி வைத்த நிலையிலேயே கிடந்தது. அந்தப் பெட்டியை அம்மா பிரிக்கவே இல்லை. எடுத்து என்ன செய்வது? குழாயைத் திறந்தால் சிறுவாணித் தண்ணீர். அப்பா அதை ஒரு டம்ளரில் பிடித்துக் குடித்துவிட்டு, "உலகத்துலயே ரெண்டாவது ருசியான தண்ணிம்மா இது!" என்று ஆபீஸில் கேட்டு வந்ததை ஒப்பிப்பார். "மொதலாவது எதுவாம்?" என்று அம்மா கேட்டாள். அதை ஆபீஸில் யாரும் சொல்லியிருக்கவில்லை. "காவிரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விட்டாள்.

நாலரை மணிக்கு அவள் தலைவாரிப் பொட்டு வைத்து வேறு புடவை மாற்றிக்கொள்வதை மட்டும் விடவில்லை. மாற்றிக்கொண்டு வாசலுக்கு வருவாள். இரும்புக் கேட்டின் மேல் கை வைத்துத் தெருவை இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பாள். பிறகு உள்ளே போய் அரிசி களைவாள். ஜூனில் இருந்து இதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலாண்டுப் பரீட்சை முடிந்த ஒருநாள் அம்மா அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. ஒட்டுக் கேட்கவில்லை, சமையலறைக் கதவுக்குப் பின்னால் தற்செயலாக நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான். "அரைப்பரீட்சை லீவு வரைக்கும் பாக்கறேங்க. அதுக்கு மேல என்னால முடியாது. நானும் இவளும் திருச்சிக்கே போயிடறோம். நீங்க லீவு கெடைக்கறப்ப வந்து போங்க." அப்பா தனியாக மெஸ்ஸில் சாப்பிடப் போகிறாரே என்று கொஞ்சமும், சிவப்பு சைக்கிளைத் திருச்சிக்கு எடுத்துப்போக விடமாட்டார்களே என்று நிறையவும் வருத்தப்பட்டேன். மகள் என்றால் இந்த விகிதம் மாறியிருக்க வேண்டும். பன்னிரண்டு வயதில் அப்படித்தான் இருந்தேன்.

அழுவது என் சுபாவம் இல்லை. உட்கார்ந்து யோசித்தேன். நோய் என்ன என்பது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. அம்மாவுக்குத் தண்ணீர் பார்க்க வேண்டும். இவ்வளவு பெரிய ஊரில் தண்ணீர் இல்லாமலா போகும்? ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் 'தண்ணீர் வழிகள்' என்று தலைப்பு எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன். தண்ணீர் ஓட வேண்டும், உட்கார இடம் வேண்டும், மர நிழல் வேண்டும், போகிற வழி கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டும். கையில் இருந்தது சைக்கிள், ஆகவே சைக்கிள் போகிற வழியாகவும் இருக்க வேண்டும். சனி, ஞாயிறு காலையில் தோழி வீட்டில் சேர்ந்து படிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அந்தத் தோழியை அம்மா கடைசி வரை பார்த்ததில்லை, ஏனென்றால் அப்படி ஒருத்தி இல்லை.

கோயம்புத்தூரில் குளங்களுக்குப் பஞ்சமில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் ஏரி என்று சொல்கிற அளவுக்குப் பெரியதை இங்கே குளம் என்று சர்வசாதாரணமாகச் சொன்னார்கள். முதலில் உக்கடம் பெரியகுளத்துக்குப் போனேன். கரைமேல் ஏறினால் தண்ணீரைக் காணோம்! கண்ணுக்கெட்டிய வரை ஆகாயத்தாமரை பச்சைப் பாய் விரித்து மூடியிருந்தது. நடுவில் எங்கேயோ நாலு நாரைகள் நின்றன, ஆகவே அடியில் தண்ணீர் இருப்பது உண்மைதான். அம்மாவிடம், 'தண்ணீர் இருக்கிறது, நம்பு' என்று சொல்ல முடியாது. நோட்டில் எழுதி அடித்துவிட்டேன். மறுவாரம் சிங்காநல்லூர் வரைக்கும் மிதித்தேன். ஊரின் அந்தக் கோடி அது. குளம் பரவாயில்லை, பறவைகள் ஏராளம், ஆனால் போகிற வழியெல்லாம் லாரியும் பஸ்ஸும். திரும்பி வந்தபோது என் வெள்ளைச் சட்டை சாம்பல் நிறமாகியிருந்தது. சேர்ந்து படித்ததில் சட்டை எப்படி இவ்வளவு அழுக்காகும் என்று அம்மா கேட்டாள். கணக்குப் பாடம் என்று சொன்னேன்.

மூன்றாவது வாரம்தான் ஜாக்பாட் அடித்தது என்று நினைத்தேன். பேரூரில் நொய்யல் ஆற்றங்கரை. அசல் ஆறு, அசல் கல் படித்துறை, பெரிய பெரிய மரங்கள்! மேற்கே மலை வேறு நீலமாகத் தெரிந்தது. மழை பெய்திருந்ததால் தண்ணீரும் ஓடியது. சைக்கிளை நிறுத்திவிட்டுப் படியில் இறங்கி, அம்மா எந்தப் படியில் உட்கார்ந்தால் வசதியாக இருக்கும் என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்தேன். மொட்டையடித்த ஒரு பெரியவர் ஈர வேட்டியோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆருக்குக் கண்ணு?" என்று கேட்டார்.

இவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு ஆச்சரியம். "எங்க அம்மாவுக்கு" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "அட பாவமே! பெரியவங்க ஆரும் கூட வரலையா?"

"இல்லை, நான் மட்டும்தான் வந்தேன். யாருக்கும் தெரியாது."

"எப்பக் கண்ணு?"

"தினமும் நாலரை மணிக்கு."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு விலகிப் போனார். அப்போதுதான் சுற்றிலும் கவனித்தேன். அங்கே இருந்த ஆண்களில் பாதிப் பேர் மொட்டை. வாழையிலையில் எள்ளும் சோற்று உருண்டையும். செத்துப்போனவர்களுக்குத் திதி கொடுக்க இந்தப் பக்கத்துச் சனங்கள் எல்லாம் வருகிற இடம் அது. நான் சைக்கிளை எடுத்த வேகத்தில் செயின் கழன்றது. வீட்டுக்கு வந்ததும், எதற்கும் இருக்கட்டும் என்று அம்மாவைப் பின்னாலிருந்து இறுக்கிக் கட்டிக்கொண்டேன். "என்னடி புதுசா?" என்று அம்மா கரண்டியால் தட்டினாள். உடம்பு சூடாகத்தான் இருந்தது, நிம்மதியாக இருந்தது.

நாலாவது வழி கிடைத்தது நவம்பரில். பேரூரைத் தாண்டி, திதிப் படித்துறைப் பக்கம் தலையையே திருப்பாமல், வேடபட்டிப் பக்கமாகத் திரும்பி மிதித்தேன். ரோட்டின் இருபுறமும் தென்னந்தோப்பு, சோளக்காடு, இடையிடையே வெங்காய வயல். ஒரு சின்னப் பாலத்தில் ஏறியபோது கீழே சலசலவென்று சத்தம். எட்டிப் பார்த்தால் வாய்க்கால்! ஆற்றில் அணை கட்டித் திருப்பிவிட்ட தண்ணீர், கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. கரைமேல் ஒரு மாட்டு வண்டி போகிற அகலத்துக்கு மண் தடம். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் தோப்பு, எதிரே மலை. அந்தத் தடத்தில் நான் போன ஒரு மைலும் தண்ணீர் என் கூடவே வந்தது. நான் வேகமாக மிதித்தால் அது பின்தங்கியது, மெதுவாக மிதித்தால் முந்தியது. சத்தம் போட்டுப் பாடினேன். கேட்டது கரையில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா மட்டும்தான்.

"ஏங் கண்ணு, ஆரூட்டுப் புள்ள நீயி?" என்று சிரித்தார். செல்வபுரம் என்றேன். "அங்கிருந்தா மெதிச்சிட்டு வந்தே! ஊட்டுல தேட மாட்டாங்களா?" என்று ஒரு கொய்யாப்பழம் கொடுத்தார். நான் பழத்தைத் தின்றேன், கையைக் கழுவினேன், நோட்டில் 'இதுதான்' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். கேட்க வேண்டிய ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. ஆடியில் வந்த தண்ணீர் தை வரைக்கும் போய்க்கொண்டே இருக்கும் ஊரில் பிறந்தவளுக்கு, இன்றைக்கு ஓடுகிற வாய்க்கால் அடுத்த வாரம் ஓடுமா என்று கேட்க எப்படித் தோன்றும்?

வீட்டில் விஷயத்தை உடைத்தேன். கோயம்புத்தூரில் ஒரு காவிரி இருக்கிறது, வருகிற ஞாயிற்றுக்கிழமை காட்டுகிறேன், பார்த்துவிட்டு அப்புறம் திருச்சியைப் பற்றிப் பேசலாம் என்று மேடைப் பேச்சு மாதிரி சொன்னேன். தோழி இல்லை என்பதும் இதில் வெளியே வந்துவிட்டது. அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். "தெரியாத ஊருல தனியா அவ்ளோ தூரமா? ஏதாவது ஒண்ணு ஆகியிருந்தா?" என்று அன்று முழுக்கத் திட்டினாள். ஆனால் ராத்திரிச் சாப்பாடு போடும்போது, "தண்ணி நெஜமாவே ஓடுதா?" என்று கேட்டாள். "பாத்தா நீயே திரும்பி வரமாட்ட" என்றேன். அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தார். சரி போய்த்தான் பார்ப்போமே என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா ஸ்கூட்டரிலும், அவருக்குப் பின்னால் அம்மாவும், முன்னால் வழிகாட்டியாக நானும் கிளம்பினோம். அம்மா மாம்பழக் கலர் புடவை கட்டியிருந்தாள். கூடையில் தயிர்சாதம். சைக்கிள் வேகத்துக்கு ஸ்கூட்டர் ஓட்டி அப்பாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. நாலு தடவை இன்ஜின் அணைந்தது. நான் ஒவ்வொரு திருப்பத்திலும் கையை நீட்டி, போலீஸ்காரர் போலத் திசை காட்டினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக அதற்கு முன் சைக்கிள் விட்டதில்லை. பாலத்தில் ஏறினேன். சத்தம் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன்.

வாய்க்காலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

அடியில் ஈரமண் வெடிக்கத் தொடங்கியிருந்தது. ஒரு செருப்பு கிடந்தது. ஒரு நாய் நடுவில் படுத்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அப்பா ஸ்கூட்டரை நிறுத்தி, வாய்க்காலைப் பார்த்து, என்னைப் பார்த்து, "இதுக்காம்மா?" என்றார். கோபமாகக்கூட இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "போன சனிக்கிழமை இருந்துச்சுப்பா! சத்தியமா இருந்துச்சு!" என்று கத்தினேன். தண்ணீரை யாரோ திருடிக்கொண்டு போய்விட்ட மாதிரி இருந்தது. அழுகை என் சுபாவம் இல்லை என்று மேலே சொன்னேன் அல்லவா, அதில் இந்த ஒரு நாளைக் கழித்துக்கொள்ளுங்கள்.

கொய்யாப்பழ அக்கா அன்றும் கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்தார். என் அழுகையைக் கேட்டு அரிவாளோடு எழுந்து வந்தார். "ஏனுங்க, தண்ணி பாக்கறக்கா வந்தீங்க? இந்த வாரம் நம்ம மொறை இல்லீங்களே. மேல மதகை அடைச்சுப்போட்டாங்க. ஒரு வாரம் இக்கட்டால உடுவாங்க, மறுவாரம் அக்கட்டால கொளத்துக்குப் போயிருமுங்க. ஏங் கண்ணு, அன்னிக்கே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனல்லோ!" என்றார். இருக்கிற கொஞ்சம் தண்ணீரை ஒரு வாரம் இந்தப் பக்கம், மறுவாரம் அந்தப் பக்கம் என்று ஊரார் முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அங்கே நண்டு சிண்டுக்கெல்லாம் தெரிந்த விஷயம். வழி கண்டுபிடிக்கும் ராணிக்கு மட்டும் தெரியவில்லை.

அம்மா ஸ்கூட்டரிலிருந்து இறங்கி, கரைமேல் நீண்டு போகிற மண் தடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை. பிறகு என்னிடம் வந்து சைக்கிள் ஹேண்டில்பாரில் கை வைத்தாள்.

"தள்ளிக்கோ" என்றாள்.

நான் தள்ளிக்கொண்டேன். முந்தானையை இடுப்பில் செருகி, கொசுவத்தை லேசாகத் தூக்கிப் பிடித்து, ஒரு கால் பெடலில் வைத்து இரண்டு உந்து உந்தினாள். ஏறி உட்கார்ந்தாள். போய்விட்டாள். ஆடவில்லை, தடுமாறவில்லை, தபால்காரர் போவது போலச் சாதாரணமாகப் போனாள். மாம்பழக் கலர் புடவை தென்னந்தோப்பு ஓரமாகச் சின்னதாகிக்கொண்டே போய், வாய்க்கால் வளைகிற இடத்தில் மறைந்தது.

எனக்கு அழுகை நின்றுவிட்டது. "அப்பா, அம்மாவுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியுமா?"

"தெரியும் போலிருக்கே" என்றார் அப்பா. வாய் திறந்தது திறந்தபடி இருந்தது.

"உங்ககிட்ட சொன்னதே இல்லையா?"

அப்பா அந்த வளைவையே பார்த்துக்கொண்டு, "நான் கேட்டதில்லை" என்றார்.

நாங்கள் காத்திருந்தோம். ஐந்து நிமிடத்தில் வருவாள் என்றார் அப்பா. பத்து நிமிடம் ஆயிற்று. அரைமணி ஆயிற்று. ஒருவேளை விழுந்திருப்பாளோ என்று எனக்குப் பயம் பிடித்தது. நான் போன ஒரு மைலுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அக்காவிடம் கேட்டேன். "தோப்புத்தானுங் கண்ணு. இன்னும் மேக்க போனா ஆனை எறங்கும். பகல்ல வராது, பயந்துக்காதே" என்று அவர் ஆறுதல் சொன்னதில் என் பயம் இரட்டிப்பானது. அப்பா ஸ்கூட்டரைக் கிளப்பப் போனார். சாவியைக் கையில் எடுத்தவர், என்ன நினைத்தாரோ, மறுபடி பையில் போட்டுக்கொண்டு கரையில் உட்கார்ந்துவிட்டார். வரட்டும் என்றார். நாங்கள் இரண்டு பேரும் தயிர்சாதத்தைச் சாப்பிட்டோம். ஏன் தேடிப் போகவில்லை என்று எனக்கு அப்பா மேல் கோபம் கோபமாக வந்தது.

ஒரு மணி நேரம் ஆன பிறகு அம்மா வந்தாள். முகமெல்லாம் சிவந்து, கொண்டை அவிழ்ந்து, புடவை ஓரமெல்லாம் புழுதி. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "அங்க ஒரு கல்லு பாலம் இருக்குங்க. பக்கத்துல பெரிய புங்கமரம்" என்றாள் அப்பாவிடம், ஏதோ அவள்தான் இந்த வழியைக் கண்டுபிடித்த மாதிரி. சைக்கிள் எப்போது கற்றுக்கொண்டாய் என்று நான் கேட்டதற்கு, "உங்க மாமா சைக்கிள்ல, உன் வயசுல" என்று சொல்லிவிட்டு அக்காவிடம் திரும்பினாள். "தண்ணி எப்பங்க வரும்?"

"செவ்வாக்கெழமை காத்தால உட்டுருவாங்க, அம்மணி."

"அப்ப செவ்வாக்கிழமை வர்றேங்க."

"வாங்க, வாங்க. தோட்டத்துல கீரை கெடக்குது, பறிச்சு வெக்கறேன்."

திரும்பும்போது அம்மா சைக்கிளை விட்டு இறங்கவே இல்லை. என் சைக்கிளில் அம்மாவும், ஸ்கூட்டரில் அம்மாவின் இடத்தில் காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு நானுமாக வீடு வந்து சேர்ந்தோம். அப்பா வழி முழுக்க அம்மாவுக்குப் பின்னாலேயே ஓட்டினார். இன்ஜின் ஒரு தடவைகூட அணையவில்லை.

அதன் பிறகு என் பாடுதான் திண்டாட்டமாயிற்று. செவ்வாய்க்கிழமை சைக்கிளை வீட்டில் வைத்துவிட்டு பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகச் சொன்னாள் அம்மா. மூன்று மணிக்குக் கிளம்பினால்தான் வெளிச்சத்தோடு திரும்ப முடியுமாம். என் சைக்கிள், என் வழி, என் வாய்க்கால், நான் பஸ்ஸில் தொங்க வேண்டுமா என்று குதித்தேன். பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பா, "குடுத்துடு" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஒரு செவ்வாய் என்பது, முறை வருகிற வாரங்களில் செவ்வாயும் வியாழனும் ஆயிற்று. நானும் கேரியரில் உட்கார்ந்து வருகிறேன் என்று கேட்காத நாளில்லை. "இன்னொரு நாள் கூட்டிட்டுப் போறேன்" என்பாள். சைக்கிள் பஞ்சராகிவிடும் என்று பயப்படுகிறாள் என்று வைத்துக்கொண்டேன். நான் அப்போது கொஞ்சம் குண்டு.

அரைப்பரீட்சை லீவு வந்தது. திருச்சியைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. அப்பா கேட்க மாட்டார், அம்மா சொல்ல மாட்டாள், எனக்கோ ஒவ்வொரு நாளும் திக்திக் என்று போயிற்று. லீவின் மூன்றாம் நாள் அம்மா தகரப் பெட்டியைக் கூடத்துக்கு இழுத்து வந்து பிரித்தாள். மூட்டை கட்டத்தான் என்று நினைத்துக் கதவோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் உள்ளிருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கினாள். குடத்தை எடுத்துப் புடவைச் சுற்றைப் பிரித்து, ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைப் பரண்ல போடுடி, இங்க எதுக்கு?" என்று என்னிடம் நீட்டினாள். நான் நாற்காலி போட்டு ஏறி, அதைப் பரணின் மூலைக்குத் தள்ளிவிட்டு, அங்கிருந்தே ஒரு குதி குதித்தேன். அன்றைக்குப் பக்கத்து வீடுகளில் எல்லாம் போய்ச் சொன்னேன், எங்கம்மாவுக்குத் தண்ணீர் கண்டுபிடித்துக் கொடுத்தது நான்தான் என்று.

அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை. லீவு என்பதால் நான் வீட்டில் இருந்தேன். மூன்று மணிக்கு அம்மா தலைவாரிப் பொட்டு வைத்து, கீரைக்கான துணிப்பையை ஹேண்டில்பாரில் மாட்டினாள். நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். நோட்டையும் கொண்டுவந்து பார்த்தேன். முறையெல்லாம் இப்போது எனக்கு அத்துப்படி. "அம்மா! இந்த வாரம் அக்கட்டால போற வாரம். வாய்க்கால்ல தண்ணி இருக்காது" என்றேன்.

"தெரியும்டி" என்றாள்.

"அப்ப எதுக்குப் போற? கீரையும் காலையிலயே வாசல்ல வாங்கிட்டியே!"

"இது வேற கீரை" என்று சொல்லிவிட்டு, கேட்டைத் திறந்து, இந்தப் பக்கமும் பார்க்காமல் அந்தப் பக்கமும் பார்க்காமல் ஏறி, மணியடித்துக்கொண்டே தெருமுனை திரும்பிப் போய்விட்டாள்.

எனக்குப் பாவமாக இருந்தது. தெரியாததைத் தெரியும் என்று சொல்வது எங்கள் குடும்பத்துச் சொத்து, அம்மாவுக்கும் அது வந்துவிட்டது போலிருக்கிறது. காய்ந்துகிடக்கிற வாய்க்காலைப் பார்க்க இந்த வெயிலில் அவ்வளவு தூரம் மிதிக்கிறாளே! இதற்கு ஒரு வழி செய்துதான் ஆகவேண்டும் என்று வாசல்படியில் உட்கார்ந்து, நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைப் புரட்டி, 'வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடும் வழி' என்று தலைப்பு எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன். எப்படியும் அம்மா திரும்பி வருவதற்குள் ஒன்றைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தேன்.